மச்சானைக் காப்பாற்றிய கதை

எனக்கு நீச்சல் தெரியும், மேடம். மிதக்கத்தான் வராது. கைகாலை அடித்துக்கொண்டு எப்படியாவது கரை சேர்ந்துவிடுவேன்; நடுவில் கொஞ்சம் சும்மா இரு என்றால் நேராக அடியில் போய் உட்காருவேன். இப்படிப்பட்ட ஒருவன் பனிக்காலத்தில், பெரிய ஏரியின் நட்டநடுவில், ஒரு பலகையின் மேல் நின்றுகொண்டு துடுப்புப் போட எதற்குப் போனான் என்று நீங்கள் கேட்கலாம். கூப்பிட்டார்கள், போனேன். கல்யாணம் ஆகாதவனை யாராவது எதற்காவது கூப்பிடுவதே பெரிய விஷயம்.

லிஃப்ட் பராமரிப்பு என் தொழில். மொட்டைமாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இயந்திர அறை இருக்கும். கிரீஸ் வாடையும் மோட்டார் சூடுமாக அடைந்து கிடக்கும். அங்கே தனியாக உட்கார்ந்து பிரேக்கைச் சரிபார்ப்பேன், இரும்புக் கயிற்றைத் துணியால் தடவி எங்காவது பிரி விட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். நான் சரி என்று சொன்ன லிஃப்ட் இதுவரை யாரையும் கீழே போட்டதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. கவனக்குறைவு என்ற வார்த்தையை இன்று நான் எங்காவது பயன்படுத்தினால் நம்பாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இறந்துபோனவன் பல் டாக்டர். கல்லூரிக் காலத்து நண்பன். பிறகு என் தங்கையைக் கட்டிக்கொண்டான். அதற்கு முன்பும் நாங்கள் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டோம். கல்யாணத்துக்குப் பிறகு அதற்கு அர்த்தமும் வந்துவிட்டது. நல்லவன். என் தங்கையைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டான். என் கடைவாய்ப் பல்லை வலிக்காமல் பிடுங்கினான். அவனிடம் இருந்த ஒரே குறை, நன்றாகப் பேசுவான். நாள் முழுக்க எதிரில் ஒருவர் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு, பதில் சொல்ல வழியில்லாமல் படுத்திருப்பார். இவன் பேசிக்கொண்டே வேலை பார்ப்பான். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

போன கோடையில் அவன் என் உயிரைக் காப்பாற்றினான். இதே ஏரிதான். பலகை கவிழ்ந்து விழுந்தேன். மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறியது, மேலே எது கீழே எது என்று தெரியவில்லை. 'மச்சான்' என்று கத்தினேன். அவன் தன் பலகையை விட்டுவிட்டுக் குதித்து நீந்தி வந்தான். என் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டான். அன்று சாயங்காலம் வரை எனக்கு அவன் தெய்வம்.

சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் கதையை ஆரம்பித்தான்.

"அம்மா, அம்மான்னு கத்துறான். நான் போய்ப் புடிச்சா என் தலைமேல ஏறி உக்காரப் பாக்குறான். டேய், கால ஊனுடான்னேன். ஊனினான். நெஞ்சளவு தண்ணி."

மேசையே குலுங்கியது. நானும் சிரித்தேன். நன்றாகத்தான் சொன்னான். நான் கையை உதறியதை அவன் செய்து காட்டும்போது ரெக்கை வெட்டிய கோழி மாதிரி இருந்தது.

ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஆழம் குறைந்துகொண்டே வந்தது, மேடம். நண்பன் ஒருவன் பேக்கரி திறந்தான். அந்தத் திறப்பு விழாவில் இடுப்பளவு. என் தங்கையின் பிறந்தநாளில் முழங்கால். நான் கூப்பிட்டது அம்மாவை அல்ல, அவனைத்தான். அதை மட்டும் அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தங்கையிடம் ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். "முகத்த ஏண்ணா இப்படி வெச்சுக்கிற? ஜோக்குதானே" என்றாள். ஜோக்குதான். எனக்கும் தெரியும்.

பிறகு ஒரு நாள் ஓர் அலுவலகக் கட்டடத்தில் கீழ்த்தள வேலையை முடித்துவிட்டு லிஃப்டில் மேலே போய்க்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க டாக்டரோட மச்சான்தானே? கிளினிக்ல போட்டோ பாத்திருக்கேன். அந்த முழங்கால் தண்ணி?" என்றார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கடைசி மாடி வரை வந்தார். பாதியில் நிறுத்தியிருக்கலாம். எந்தப் பொத்தானை அழுத்தினால் நிற்கும் என்று என்னைவிடத் தெரிந்தவர் யார்? ஆனால் நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. இறங்கி, இயந்திர அறைக்குப் போய், மோட்டார் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அங்கேதான் யோசனை வந்தது. நல்ல யோசனை என்றே இன்றும் நினைக்கிறேன். நானும் அவனை ஒரு தடவை காப்பாற்றிவிட வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் வாயைத் திறந்தால் நானும் திறப்பேன்.

பனிக்காலப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தது எங்கள் நண்பர் கூட்டத்தில் ஒருத்தியான டீச்சர். பூகோளம் நடத்துபவள், எதையும் பாடமாக எடுக்காமல் அவளால் இருக்க முடியாது. ஏரி நடுவில் இருக்கும் தீவுக்குப் போய், பேக்கரிக்காரன் கொண்டுவரும் ரொட்டியைத் தின்றுவிட்டுத் திரும்புவது திட்டம். நாங்கள் நான்கு பேர். பலகையும் உடையும் வாடகைக்குக் கொடுக்கும் ஏரிக்கரைக் கடையின் உடை மாற்றும் அறையில் அவள் பாடம் நடத்தினாள். "இந்தத் தண்ணில விழுந்தா மொதல்ல விரல்தான் போகும். புடிக்கணும்னு நெனப்பீங்க, விரல் கேக்காது. அதனால யாரும் தனியாப் போகக் கூடாது, விசில் கழுத்துலயே இருக்கணும்." மற்ற இருவரும் கேட்டது போலத் தலையாட்டினார்கள். நான் நிஜமாகவே கேட்டேன்.

அந்த உடையைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். கழுத்திலிருந்து கால் வரை தண்ணீர் புகாத உடை. ஜிப் முதுகுப்பக்கம், ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை போகும். தானாகப் போட்டுக்கொள்ள முடியாது. இன்னொருவர் இழுத்துவிட வேண்டும். எனக்கு அவன் போட்டுவிட்டான். கடைசியில் ஒரு இழுப்பு இழுத்து, விரலால் தடவிப் பார்த்து, "மூடிட்டேன். நீ மறுபடியும் அம்மாவக் கூப்பிட வேண்டியதில்ல" என்று முதுகில் தட்டினான். அப்புறம் திரும்பி நின்றான். நான் இழுத்தேன். ஒரு சாண் பாக்கி இருக்கும்போது நிறுத்தினேன். அதன்மேல் மிதவைச் சட்டையைப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. "ஓகேவா?" என்றான். "ஓகே" என்றேன். பெரிய பொய் இல்லை. கொஞ்சம் நனைவான், நடுங்குவான், நான் கை கொடுப்பேன் என்றுதான் கணக்கு.

தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. பனிமூட்டம் தண்ணீர்மேல் படுத்திருந்தது. பேச வாயைத் திறந்தால் புகை வந்தது. டீச்சரும் பேக்கரிக்காரனும் முன்னால் போய் மூட்டத்துக்குள் மறைந்துவிட்டார்கள். அவர்கள் சிரிப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது, பிறகு அதுவும் இல்லை. நான் வழக்கம்போலப் பலகைமேல் மண்டியிட்டுத் தவழ்ந்துகொண்டிருந்தேன். அவன் எனக்காகப் பின்தங்கி வந்தான். அவனுக்கு அவசியமே இல்லை. நான் விழுந்தால் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று அவன் நினைத்தான். அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். யாரும் என்னை ஒளித்துப் பேசுகிறவன் என்று சொல்லக் கூடாது.

ஒரு சிக்கல், அவன் விழவே மாட்டான். நின்றபடியே ரொட்டி தின்கிறவன். ஆகவே அதற்கும் நான் கொஞ்சம் ஒத்தாசை செய்ய வேண்டியிருந்தது. எழுந்து நின்றேன், தள்ளாடினேன். தள்ளாடுவதற்கு எனக்கு நடிப்பு தேவைப்படவில்லை. "டேய் டேய், புடி" என்று அவன் துடுப்பை நீட்டினான். நான் பிடித்து, மண்டியிட்டு, என் பக்கம் இழுத்தேன்.

அவன் தண்ணீரில் விழுந்தான். சத்தம் அதிகம் இல்லை. மேலே வந்தபோது அவன் முகத்தில் ஆச்சரியம்தான் இருந்தது. மூச்சை உள்ளே இழுக்க முடிந்தது, வெளியே விட முடியவில்லை. பலகையின் ஓரத்தைப் பிடித்தான். ஏறப் பார்த்தான். உடைக்குள் தண்ணீர் இறங்கி இரண்டு காலும் மூட்டை போலக் கனத்திருக்க வேண்டும். இடுப்புக்கு மேல் வரவில்லை. "உள்ள வருது மச்சான், உள்ள வருது" என்றான். 

நான் என் துடுப்பை நீட்டினேன். இது உண்மை. சத்தியமாக நீட்டினேன். அவனும் பிடித்தான். பிடித்துக்கொண்டு, பற்கள் கிடுகிடுவென்று அடிக்க, சிரித்தான்.

"இத மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாத மச்சான். மானம் போயிடும்."

விளையாட்டாகத்தான் சொன்னான். அவன் எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்வான். ஆனால் எனக்கு யோசிக்க வேண்டியதாகிவிட்டது. யாருக்கும் தெரியாமல் காப்பாற்றி அதை நான் என்ன செய்வது? வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதா? துடுப்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பிடுங்கவில்லை. அவன் விரல்கள் தாமாகவே கழன்றன. டீச்சர் சொன்னது சரிதான்.

"டேய், என்ன பண்ற?"

"இருடா, யோசிக்கிறேன்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தான். புத்திசாலி; சட்டென்று புரிந்துகொண்டான். அவன் விசில் மிதவைச் சட்டையில் தொங்கியது. விரல் போய்ப் போய் அதைத் தொட்டது, எடுக்க முடியவில்லை. "சொல்லு மச்சான்" என்றான். "எல்லார்கிட்டயும் சொல்லு. நானே சொல்றேன். நீதான் காப்பாத்தினேன்னு நானே சொல்றேன்."

இதற்குப் பிறகு எனக்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவன் சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியுமே. தவழ்ந்து வந்த நான், நீட்டிய துடுப்பு, என் வாய் கோணியது, எல்லாம் செய்து காட்டுவான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அதுவும் அவன் கதையாகிவிடும். 

காத்திருந்தேன். விசில் என் கழுத்தில் இருந்தது. முதலில் என்னைக் கூப்பிட்டான், பிறகு என் தங்கையைக் கூப்பிட்டான், பிறகு அவனுக்கு வார்த்தைகள் குழம்பின. கடைசியில் மிகவும் அமைதியாகிவிட்டான். அவனும் நானும் பேசாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது எங்கள் நட்பில் அதுதான் முதல் தடவை. சொன்னால் தப்பாக நினைப்பீர்கள், நன்றாக இருந்தது.

பிறகு அவன் மிதவைச் சட்டையைத் தூக்கி, அந்த ஜிப்பைக் கடைசி வரை இழுத்துவிட்டேன். அரைகுறையாக வேலையை விட்டுப் போகும் பழக்கம் எனக்கு இல்லை. அதுதான் என்னை உங்கள் முன்னால் உட்கார வைத்திருக்கிறது. முழுதாக மூடிய உடைக்குள் அத்தனை தண்ணீர் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கக் கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்தவன், மூடக் கூடாத ஒரே இடத்தில் மூடியிருக்கிறேன்.

நானும் தண்ணீரில் இறங்கினேன். நனையாமல் நின்றால் பார்க்க நன்றாக இருக்காது. அவன் மூடிவிட்ட என் உடைக்குள் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விசிலை ஊதினேன். டீச்சர் அழுதுகொண்டே வந்தாள். பேக்கரிக்காரன் என்னை அவனிடமிருந்து பிரித்தெடுக்கச் சிரமப்பட்டான். "விடுடா, உன்னால முடிஞ்சத பண்ணிட்ட" என்றான்.

அடக்கம் முடிந்து தங்கை வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவனுடைய சட்டையை மடியில் வைத்திருந்தாள். "நீயாவது பக்கத்துல இருந்தியேண்ணா. கடைசியா என்ன சொன்னாரு? சொல்லு" என்றாள். சொன்னேன். எப்படி நீந்திப் போனேன், எப்படித் தலையைத் தாங்கிப் பிடித்தேன், அவன் எப்படி அவள் பெயரைச் சொன்னான் என்று. கடைசியாகச் சொன்னது மட்டும் பொய்யில்லை. யாரும் குறுக்கே பேசவில்லை. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சமையலறையில் இருந்தவர்கள்கூட வாசல்பக்கம் வந்து நின்றார்கள். அடுத்த நாள் வந்தவர்களுக்காகத் தங்கை மறுபடி சொல்லச் சொன்னாள். அதற்கடுத்த நாளும். மூன்றாவது தடவை எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று பிடிபட்டுவிட்டது. தங்கை அழுதாள். அவளுக்கு நான் செய்யக்கூடிய உதவி அது ஒன்றுதான் என்று நினைத்தேன்.

இன்று இங்கே வந்தது மனசாட்சி உறுத்தியதால்தான், மேடம். ஜிப் விஷயத்தில் நான் வேறு ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். கடையில் கொடுத்த உடை ஓட்டை என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்? ஆனால் அந்த வீட்டில் சொன்னதில் நல்ல பகுதிகள் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டியிருந்தது. அது எனக்குத் தாங்கவில்லை.

கதவுக்கு வெளியே இரண்டு போலீஸ்காரர்கள் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களையும் உள்ளே வரச் சொல்லுங்கள், நாற்காலி இருக்கிறதே. முதலிலிருந்து சொல்கிறேன். நேர்மையாகச் சொல்லுங்கள் மேடம், அவனைவிட நான் நன்றாகத்தானே சொல்கிறேன்?