சோப்புப் படாத ஆறு சீசாக்கள்

மேடையில் இருக்கும் துறைத் தலைவர் ஐயாவுக்கும், முன்வரிசையில் இருக்கும் பேராசிரியை அம்மாவின் வீட்டுக்காரருக்கும், இடமில்லாமல் பின்னால் நிற்கும் என் கூட்டாளிகளுக்கும் வணக்கம்.

நான் ஆய்வகத்தில் கண்ணாடி கழுவுகிறவன். முப்பத்தோரு வருஷம். அம்மா இறந்துபோய் இன்று ஐந்தாம் நாள். அழுகை வரவில்லை. கை அது பாட்டுக்குக் கழுவுகிறது. நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

அம்மா செய்த வேலை என்ன? ஒருநாள் கேட்டேன்.

“உயிருள்ள செல்லுல ஆயிரம் பேர் ஒரே நேரத்துல பேசுறாங்க, பெரியவரே. யார் சொன்னது யாருக்குக் கேட்டுச்சுன்னே தெரியல. அதான் கொழுப்புல சவ்வு செஞ்சு, குமிழி மாதிரி ஆளில்லாத வீடு கட்டுறேன். ஒரே ஒரு கதவு. தங்கத்துல நானோ துகள் செஞ்சு, வெளிய இருந்து தட்டச் சொல்றேன். உள்ள கேக்குதான்னு பார்ப்பேன்.”

“கேட்டுச்சாம்மா?”

“முதல்ல வீடு நிக்கட்டும்.”

நிற்கவில்லை. பதினோரு நாள் எல்லாக் குமிழியும் உடைந்தது. தங்கத்தின் மேல் பழி போட்டார்கள், இயந்திரத்தின் மேல் போட்டார்கள். அம்மா என் தொட்டிக்கு வந்து ஒரு குடுவையைத் தடவிப் பார்த்தார்.

“எதுல கழுவுனீங்க?”

“சோப்புலதான்மா. உங்களுதுன்னு ரெண்டு பங்கு போட்டேன்.”

“சரியாப் போச்சு. கொழுப்புச் சுவரை சோப்பு கரைக்காம விடுமா? என் ஊரையே இடிச்சுட்டீங்களே.”

சிரித்தார். என்னை யாரிடமாவது காட்டிக் கொடுத்தாரா? இல்லை. “காரணம் சொல்லாம வேலை வாங்கினது என் தப்பு” என்று கூட்டத்தில் சொன்னார். இருநூறு குடுவைகளையும் என்னோடு நின்று வெந்நீரிலும் ஸ்பிரிட்டிலும் அலசினார். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் ஒரே படலமாக வழிய வேண்டும், அதுதான் சுத்தம் என்று காட்டினார். எனக்கு எழுத்து தெரியாது என்று, கழுவக் கூடாத பாத்திரத்தின் மூடியில் ஒரு சாத்திய கதவை வரைந்து வைப்பார். அன்றிலிருந்து ஒரு நாளும் அந்தப் படம் தவறவில்லை.

ஐயா, வெள்ளிக்கிழமைக்குள் அம்மாவின் அறையைக் காலி செய்து, எல்லாவற்றையும் கழுவி வைக்கச் சொன்னீர்கள். நீங்கள் சொல்லி நான் எதை மறுத்திருக்கிறேன்? இதை மறுக்கிறேன். குளிர்பெட்டியில் ஆறு சீசாக்கள் இருக்கின்றன. போவதற்கு முந்தின நாள் அம்மா கட்டிய வீடுகள். ஆறின் மூடியிலும் கதவு வரைந்திருக்கிறது. பத்து நாள்தான் தாங்கும் என்று அம்மாவே சொல்லியிருக்கிறார். ஐந்து நாள் போய்விட்டது.

மூன்றாம் வரிசையில் இருக்கும் அம்மாவின் மூத்த மாணவிக்குச் சொல்கிறேன். நேற்று நீ, “என்னால அந்த மேசையைத் தொட முடியல, தாத்தா” என்றாய். தொட வேண்டாம்மா. தட்டிப் பார். தங்கத் துகளை எவ்வளவு விட வேண்டும் என்று உனக்குத்தானே தெரியும்? உள்ளே கேட்டதா என்று அம்மாவுக்குத் தெரியாமலே போயிற்று. நமக்காவது தெரியட்டும்.

நாளைக் காலை எட்டு மணிக்கு உன் மேசையில் குடுவைகள் இருக்கும். தண்ணீர் ஒரே படலமாக வழிகிறதா என்று ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் வைப்பேன்.