உதுமான் விட்டுவச்ச வரி

ஆமா, நீங்க பேப்பர்ல பாத்த அதே தகடுதான். இருங்க தம்பி, ஷட்டர எறக்காதீக. களவு போன பொருள்தான், இல்லேங்கல. ஆனா நான் இத விக்க வரல. இது காயலாங்கடை இல்லேன்னு எனக்குத் தெரியாதா? பாத்திரத்துல பேரு வெட்டுற எடம்னு தெரிஞ்சுதான் வந்திருக்கேன். ஒரு பேரு வெட்டணும். ஒரே ஒரு பேரு. வெட்டிக் குடுத்தீகன்னா நேரா ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் மேசை மேல வச்சிட்டு, உள்ள கெடக்குற ஒச்சப்பன வெளிய விடுங்கன்னு சொல்லிட்டு, அவன் எடத்துல நான் உக்காந்துக்கிடுவேன். அம்புட்டுதான் சோலி.

சாக்கா? அது ஆலங்குளம் சிமெண்டுச் சாக்கு. நல்லா ஒதறித்தான் கொண்டாந்தேன், ஒங்க கடை தூசியாகாது.

படியில உக்காந்திருக்கது எங்கூட வந்தவதான். கூப்பிடாதீக, உள்ள வரமாட்டா. தண்ணியா? குடுத்துப் பாருங்க. யாரு வீட்டுலயும் சட்டுனு வாங்கிக் குடிக்கமாட்டா. வாங்கிட்டாளா? அட. சரி.

என்ன அடையாளம் தெரியலையோ? ஊர்க்காவலன். பட்டாசுத் தொழிலாளர் சங்கம். இல்லையா. ஒங்க வயசுக்குத் தெரியாது, விடுங்க. ஒங்க அத்தா உதுமானுக்குத் தெரியும். மூணு வாட்டி ஜெயிலுக்குப் போனவன் தம்பி நான். படிப்பு அஞ்சாங்கிளாசு. மிச்ச எழுத்தெல்லாம் நோட்டீஸ் படிச்சுக் கத்துக்கிட்டது. அச்சாபீஸ் வாசல்ல கழிச்சுப் போட்ட தாளப் பொறக்கிப் படிச்சேன், பெறவு அதே அச்சாபீஸ்ல என் நோட்டீஸ அடிக்க வச்சேன். நாப்பது வருசமா நான் போட்ட நோட்டீஸ அடுக்குனா ஒங்க கூரையத் தொடும். ஒரு மொதலாளி வீட்டுக் காப்பியக் குடிச்சதில்ல. பெருமைதான். அது ஒண்ணுதான மிச்சம், அதையும் விட்டுட்டு என்னத்தப் பேச?

தகட்டத் திருப்பிப் பாருங்க. பின்பக்கம். ஒரே மஞ்சளாவா இருக்கு? அங்கன கொஞ்சம் செவந்து போய், இங்கன வெளிறிப் போய். கடையில வாங்குன பித்தளை இல்ல அது. செத்த ஒம்பது பேரு வீட்லயிருந்தும் ஆளுக்கொரு சாமான் குடுத்தாக. கொடம், சொம்பு, குத்துவெளக்கு, கைக்கு வந்தது. எல்லாத்தையும் உருக்கி ஊத்துனது. மொதலாளி வச்ச கல்லுல எங்க ஆளுக பேரு வேண்டாம்னு நான்தான் சொன்னேன்.

ரெண்டாயிரத்து மூணு. வெம்பக்கோட்டை ரோட்டுல ஒரு கம்பெனி. இப்ப கெடையாது, மூடிட்டான். தீவாளி சீசன். மழைக்கு முந்தி லோடு ஏத்தணும்னு ஆர்டர் நெருக்குது. நாலு பேரு உக்கார வேண்டிய ரூம்ல ஒம்பது பேர உக்கார வச்சான். பதினொண்ணே காலுக்குச் சத்தம். வெம்பக்கோட்டை அணை வரைக்கும் கேட்டுச்சு. போய்ப் பாத்தா ரூம் இருந்த எடத்துல வெட்ட வெளி. தூரத்துல ஒரு வேப்பமரம், அதுக்கடியில ஒம்பது தூக்குவாளி வரிசையா இருக்கு. ஒண்ணுகூடக் கவுழல.

பேரு எப்படியா? மஸ்டர் ரோல், அதான் கம்பெனி ஆஜர் நோட்டு, அத வச்சுத்தான். ஆளப் பாத்துச் சொல்லுற மாதிரி இல்லையே தம்பி. காலைல கேட்டுல பேரு கூப்பிட்டப்ப யாரு உள்ளேன்னு சொன்னாகளோ, அவுகதான் உள்ள இருந்தது. வேற என்ன வழி இருக்கு?

இந்த எழுத்து ஒங்க அத்தா கை. பாத்ததுமே கண்டுபிடிச்சிருப்பீகளே. அப்ப மிஷின் ஏது, பொடி உளியும் சுத்தியும்தான். மூணு நாள் வெட்டுனாக, இதே எடத்துல. நான் ஒவ்வொரு பேரா வாசிப்பேன், அவுக வெட்டுவாக. ஏழாவது பேருல உளிய நிப்பாட்டி என் மூஞ்சியப் பாத்தாக. வெட்டவா காவலான்னாக. வெட்டுங்க பாய்னேன். இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டுத்தான் வெட்டுனாக.

கீழ பாருங்க, ஒம்பதாவது பேருக்கு அடியில ஒரு வரி சும்மா கெடக்கு. ஒங்க அத்தா அளவு தப்புற ஆளா? என்ன பாய் எடம் மிச்சமாப் போச்சேன்னு கேட்டேன். பார்வைக்கு இருக்கட்டும்னாக. நானும் கேட்டுக்கிட்டு, தகட்டத் தூக்கிட்டுப் போயிட்டேன். அந்த வரியிலதான் இப்ப வெட்டணும்.

பத்தாவது ஆளா? இல்ல இல்ல, செத்தது ஒம்பதுதான். சொல்றேன். சொல்லத்தான வந்திருக்கேன், இருங்க.

போன மாசம் பூங்காவுல களவு ஆரம்பிச்சுச்சு. மொதல்ல நீரூத்துத் தொறந்த தகடு போச்சு. பெறவு கொடிக்கம்பத்துத் தகடு. நடைபாதைக்கு அடிக்கல் நாட்டுன தகடு. மந்திரிக பேரு போனதுக்கு நான் ஏன் அழணும்? எடைக்குப் போனாத்தான் அந்தப் பேருகளால நாலு பேருக்கு உபயோகம்னு டீக்கடையில சொன்னேன். எல்லாவனும் சிரிச்சான். போன திங்கக்கெழம காலைல போனா, இந்தத் தகட்ட மாட்டியிருந்த நம்ம தூணுல நாலு ஓட்டைதான் இருக்கு.

எனக்கு என்ன தெரியும்? நோட்டீஸ் போடத் தெரியும். உழைப்பாளியின் நினைவை எடைக்குப் போட்ட களவாணியைக் கைது செய்! ஆயிரம் அடிச்சேன். மறுநா பஸ் ஸ்டாண்டு முன்னால ஆர்ப்பாட்டம். இருபது பேரு வந்தாக, அதுல ஆறு பேரு பஸ்ஸுக்கு நின்னவுக. ரெண்டு நாள்ல பிடிக்காட்டா ஸ்டேஷன் வாசல்ல பட்டினி கெடப்பேன்னேன். ஏட்டையா வந்து, என்ன தலைவரே, ஒமக்கு இன்னும் தொண்டை கெடக்கேன்னு சிரிச்சாரு. சிரிச்சாலும் பிடிச்சிட்டாக. யார? ஒச்சப்பன. பூங்காவுல பாட்டிலு, தகரம் பொறக்குவானே, ஒரு காலச் சாய்ச்சு நடந்துக்கிட்டு, அவந்தான். சாக்குல ஒரு பித்தளைக் கொழா இருந்துச்சாம். போதுமே அவுகளுக்கு. அவன் பட்டாசு மருந்து ரூம்ல காலக் குடுத்துட்டு வந்தவன் தம்பி. அவன் காலுக்காகவும் நான் நோட்டீஸ் போட்டிருக்கேன். இப்ப அவன உள்ள தள்ளவும் நான்தான் போட்டிருக்கேன். மூணு நாளாச்சு. அடிச்சாகளான்னு கேக்காதீக.

நேத்துச் சாயங்காலம், மிச்சமிருந்த நோட்டீஸ வைக்கலாம்னு அரிசி டிரம்ம நகட்டுனேன். பின்னாடி இந்தச் சாக்கு. உள்ள கைய விட்டா எழுத்துத் தட்டுப்படுது. பாக்கவே வேண்டாம், தொட்டதும் தெரிஞ்சுபோச்சு.

மத்த தகட எவன் எடுத்தானோ தெரியாது, இத எடுத்தது இந்தா, ஒங்க படியில இருக்காளே, இவதான். எம் பொஞ்சாதி. நெசமாத்தான். அம்பத்தெட்டு வயசாச்சு. எங்கயோ ஸ்பேனர எரவல் வாங்கிட்டுப் போய், ஞாயித்துக்கெழம மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல, நாலு நட்டையும் கழட்டி, சாக்குல சுத்தி, தலையில வச்சு, டவுன் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துட்டா. தலையில சாக்கு வச்சிருக்க பொம்பளைய இந்த ஜில்லாவுல எவன் நிப்பாட்டிக் கேப்பான்? ஆர்ப்பாட்டத்துக்கும் வந்தா. மொத வரிசையில நின்னா. கோசம் போடுறப்ப கைய மட்டும் தூக்கல. மூட்டு வலின்னு நெனச்சேன்.

கத்துனேன், கத்தாம? எனக்கு வீட்டுக்குள்ளயும் மேடைப் பேச்சுத்தான் வரும். தொழிலாளி சொத்து, துரோகம், ஒரு ஏழை ஒனக்காக உள்ள கெடக்கான்னு அரை மணி நேரம் பேசுனேன். ஒச்சப்பன்னதும்தான் அவளுக்குச் சுருக்குன்னு ஆச்சு. அவன் உள்ள இருக்கது அவளுக்குத் தெரியாது. சோத்தக் கீழ எறக்கி வச்சிட்டு, காலைல ஸ்டேஷனுக்குப் போவோம், நான் சொல்லுதேன்னா. பெறவு கேட்டா. எம் பேர நான் எடுத்தேன், அது எப்படிக் களவாகும்னா.

அந்த ஏழாவது பேர வாசிங்க தம்பி. வாய்விட்டே வாசிங்க. சின்னத்தாய், வயசு முப்பத்தாறு. ம். அவதான். ஒங்க செம்புல தண்ணி குடிச்சிட்டு உக்காந்திருக்கா.

இருபத்திரெண்டு வருசம். வருசா வருசம் அந்தத் தேதிக்கு மாலை போட்டுட்டு ஒம்பது பேரையும் நான் கொரல ஒசத்தி வாசிப்பேன். வீரவணக்கம்னு கூட்டம் சொல்லும். இவளும் அங்கனதான் நிப்பா, தன் பேருக்குத் தானே வணக்கம் சொல்லிக்கிட்டு. எழுதப் படிக்கத் தெரியாது. நான் வாசிக்கிறத எண்ணி எண்ணித்தான் தன் பேரு ஏழாவதுன்னு பிடிச்சு வச்சிருக்கா. கீழ ஒரு வரி காலியாக் கெடக்கதையும் வெரல வச்சுத் தடவித்தான் கண்டுபிடிச்சிருக்கா. அதுல பேரு வெட்டாம தகட்டத் திருப்பிக் குடுக்கக் கூடாதுங்கா. வெட்டாமக் குடுத்தா பழையபடி மாட்டிருவீக, பெறவு எனக்கு இன்னொரு வாட்டி ஏறிக் கழட்டத் தெம்பு இருக்காதுங்கா.

அப்ப உள்ள இருந்தது யாருன்னுதான கேக்குறீக.

அன்னைக்கு இவளுக்குக் காய்ச்சல். எந்திரிக்க முடியல. சீசன்ல ஒரு நாள் போகலேன்னா ரூம்ல ஆள மாத்திருவான், தீவாளி வரைக்கும் வேலை கெடையாது. ஒருத்தருக்குப் பதிலா ஒருத்தர் போறது நம்ம பக்கம் உள்ளதுதான. ஆத்தா பேரு கூப்பிட்டா மக உள்ளேன்னுட்டு உள்ள போயிரும், கண்காணி தலைய நிமிர மாட்டான். காலாண்டு லீவு வேற. எம் மக, மாரிசெல்வி, ஆத்தா சேலையத்தான் ரெண்டா மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போனா.

எனக்கு அன்னைக்கு வெம்பக்கோட்டையில கூட்டம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பு, பட்டாசுக்கு அனுப்பாதே. அந்த வரி நான் எழுதுனது தம்பி. ஊரு ஊராச் செவுத்துல எழுதி வச்சிருந்தாக. மைக்கப் பிடிச்சுப் பேசிக்கிட்டு இருக்கேன், சத்தம் கேக்குது. கேட்டதும் நான் கூட்டத்தப் பாத்து, இந்தா கேட்டீகளா, இந்தச் சத்தத்துக்குத்தான் சொல்லுறேன்னேன். கை தட்டுனாக. இன்னும் ரெண்டு நிமிசம் பேசுனேன்.

வேண்டாம், தண்ணி வேண்டாம் எனக்கு.

ஓடிப் போனா, அங்கன ஆபீஸர் மஸ்டர வாசிக்கிறாரு. சின்னத்தாய்னதும் எங்க ஊருப் பொம்பளைக பூராவும் என்னப் பாக்குறாக. ஒரு வார்த்தை போதும். அது எம் பொஞ்சாதி இல்ல, எம் மக மாரிசெல்வின்னு. கையில நோட்டீஸ் கட்டு இருக்கு. வெளியூர்க்காரி, ஆனைக்குட்டத்துப் பக்கம்னு சொன்னேன். கம்பெனிக்காரன் ஓடி வந்து ஆமா ஆமாங்கான். சின்னப் பிள்ள சாகலேன்னா அவனுக்கும் நல்லதுதான? நாப்பது வருசத்துல நானும் ஒரு மொதலாளியும் ஒரே பேச்சுப் பேசுனது அந்த ஒருக்காதான். பிள்ள காய்ச்சல்ல போயிருச்சுன்னு ஊருல சொன்னோம். ஊருக்குத் தெரியும். தலைவரு மானம்னு ஊரு வாயப் பொத்திக்கிடுச்சு. ஒங்க அத்தாவுக்கும் தெரிஞ்சிருக்கு. சங்கம் நிக்கணும்ல, சங்கம் நிக்கணும்லன்னு நான் எனக்கே சொல்லிக்கிட்டேன். சங்கம் எங்க நின்னுச்சு? இப்ப ஆர்ப்பாட்டம்னா பஸ்ஸுக்கு நிக்கிறவனச் சேத்துத்தான் இருபது.

இவ ஒண்ணும் சண்டை போடல. பேசாம இருந்தாளான்னா, அதுவும் இல்ல. சோறு வேணுமா, துண்டக் காயப்போட்டீகளா, எல்லாம் கேப்பா. மக பேர மட்டும் எங்கிட்டச் சொன்னதில்ல. நேத்துதான் சொன்னா.

ராத்திரி பூரா ஒரு நோட்டீஸ் எழுதிப் பாத்தேன். நடந்தத அப்படியே எழுதி அச்சுக்குக் குடுத்துருவோம்னு. வரல தம்பி. தோழர்களேன்னு ஆரம்பிக்கிறேன், அடுத்த வரி வரமாட்டேங்கு. சரி, வாயால சொல்லிப் பழகுவோம்னு மொத ஆளா ஒங்ககிட்ட வந்துட்டேன். அடுத்தாப்ல ஸ்டேஷன்ல சொல்லணும்.

ஒங்க கடைப் பேரு என் வாயில வராது, பயப்படாதீக. அடி வாங்கியே ஆளக் காட்டிக் குடுத்ததில்ல. இல்ல, நீங்க முடியாதுன்னாலும் ஒண்ணும் நெனைக்கமாட்டேன். அவகிட்ட மட்டும் நீங்களே வெளிய போய்ச் சொல்லிருங்க. எனக்குத் திராணி இல்ல.

வெட்டுறீகளா? வெட்டுறீகளா. நல்லா இருங்க. மிஷினே போதும், உளியெல்லாம் தேட வேண்டாம். ஏழாவது பேரு மேல ஒரு கோடு போடுங்க. அழிக்காதீக, கோடு மட்டும். நான் சொன்ன பொய்யும் அங்கன தெரியணும்ல. கீழ அந்த வரியில, மாரிசெல்வி. எழுதிக்கிட்டீகளா? வயசு பதினாலு. கூட்டாதீக, பதினாலுன்னே போடுங்க.

இனிசியலா? ஆமா, மத்த பேருக்கெல்லாம் இருக்குதான். இவளுக்கு வேண்டாம் தம்பி. இல்ல, அவ அப்படிச் சொல்லல. நான்தான் சொல்றேன். அன்னைக்குக் காலைல அந்தப் பிள்ளைய சைக்கிள்ல பின்னாடி உக்கார வச்சுக் கொண்டுபோய் கம்பெனிக் கேட்டுல எறக்கி விட்டது நான். ஹேண்டில்ல நோட்டீஸ் பை தொங்கிக்கிட்டு இருந்துச்சு. கூட்டத்துக்குப் போற வழிதான.