வெள்ளிக்கிழமைக்கு வைத்திருந்த விடை

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பை எந்த ஆசிரியரும் கேட்டு வாங்க மாட்டார். பாதிப் பிள்ளைகள் தூங்கும். மீதிப் பாதி மேசைக்குக் கீழே போனை நோண்டிக்கொண்டிருக்கும். நான் பிடுங்கவில்லை. ஒளித்துப் பார்ப்பதை மேசைமேல் வைத்தே பாருங்கள் என்றேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, ஐயா. சமூக ஊடகத்தை வைத்தே பாடம் நடத்தலாம் என்று எங்கள் பள்ளியில் முதலில் சொன்னவன் நான்தான். தலைமையாசிரியை கூட்டத்தில் பாராட்டியிருக்கிறார். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரப் பாடம், வதந்தியைக் கண்டுபிடிப்பது. எங்கள் பகுதிக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. தண்ணீர் வராதது, நாய் காணாமல் போனது எல்லாம் அதில் வரும். இந்த வாரம் அதில் ஆளை ஏமாற்றும் பதிவு ஒன்று இருக்கும், ஆதாரத்தோடு கண்டுபிடியுங்கள், விடை வெள்ளிக்கிழமை என்று பத்தாம் வகுப்பில் சொன்னேன். திங்கட்கிழமை, வேறொரு பெயரில் நானே அதைப் போட்டேன்.

பக்கத்து ஆரம்பப் பள்ளியின் வேன் ஓட்டுநர், தூங்கிப்போன ஒரு சிறுமியைத் தோளில் போட்டுக்கொண்டு வேனிலிருந்து இறங்கும் படம். எடுத்தவன் நான். அவர் எனக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர். அது அவருடைய மகள் என்று எனக்குத் தெரியும். கீழே ஒரே வரி: ‘இது யார் குழந்தை?’ அதில் பொய் எங்கே இருக்கிறது? கேள்விதான் கேட்டேன்.

ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தேன் என்கிறீர்கள். விசேஷக் காரணம் இல்லை. ஒருநாள் தெருமுனையில் போனைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம், “சார், கொஞ்சம் ஓரமா நின்னு நோண்டுங்க, பிள்ளைங்க இறங்கணும்” என்றார். வேன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். நான்கு வருடமாகிறது, செவ்வாய்க்கிழமை, லேசான தூறல். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.

மறுநாள் காலைக்குள் அந்த ஒரு வரிக்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துவிட்டார்கள். இரண்டு குழந்தைகளைக் காணவில்லையாம் என்றார் ஒருவர். வேன் எண்ணைப் போட்டார் இன்னொருவர். என் மாணவர்கள் முப்பத்தெட்டுப் பேரில் இருபத்திரண்டு பேர் அதைப் பகிர்ந்திருந்தார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. இத்தனை நாள் என்னத்தைப் படித்தார்கள்?

ஒரே ஒரு பெண் மட்டும் ஆரம்பப் பள்ளிக்கே போய் விசாரித்துவிட்டு, அன்று மதியம் ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

“சார், அது அவரோட சொந்தப் பாப்பா. கையில கிடைச்சா அடிக்கணும்னு எழுதுறாங்க சார். இப்பவே சொல்லிடலாம்.”

முழு மதிப்பெண் போட்டேன். வெள்ளிக்கிழமைவரை வாயைத் திறந்தால், விடையைக் கசியவிட்டதாகக் கருதி அத்தனையும் கழித்துவிடுவேன் என்றும் சொன்னேன். மற்றவர்களும் யோசிக்க வேண்டாமா? நன்றாகப் படிக்கிற பெண். தலையாட்டிவிட்டுப் போனாள்.

புதன் மாலை அவரைப் பேருந்து நிறுத்தத்தில் மடக்கினார்கள். வியாழன் விடியற்காலை மருத்துவமனையில் இறந்துவிட்டார். வெள்ளிக்கிழமை, சொன்னபடி வகுப்பெடுத்தேன். படத்தைத் திரையில் போட்டு விளக்கினேன். ஒரு பிள்ளைகூடத் தூங்கவில்லை. அந்தப் பெண் மட்டும் வரவில்லை. அவளுடைய மதிப்பெண்ணில் நான் கை வைக்கவில்லை.

புதன் மாலை எங்கே இருந்தேன் என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். அங்கேதான் இருந்தேன். பள்ளி விட்டு வந்துகொண்டிருந்தேன். இருபது பேர் இருக்கும். நடுவில், வேன் சக்கரத்தில் சாய்ந்து அவர் உட்கார்ந்திருந்தார். உதடு கிழிந்திருந்தது, அவ்வளவுதான், எழுந்து நடந்திருக்கலாம். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

“சார், நீங்களாவது சொல்லுங்க சார். உங்களுக்குத் தெரியுமே.”

கூட்டம் அடங்கியது. வாத்தியார் படித்தவர், அவரே சொல்லட்டும் என்று வழிவிட்டார்கள். ஒருவர் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“இந்தப் படம் நிஜந்தானா சார்?”

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். படத்தில் ஒட்டு வேலை எதுவும் கிடையாது. எடுத்தவனுக்குத் தெரியாதா? நிஜம்தான் என்றேன்.

கேட்ட கேள்விக்குத்தானே ஐயா பதில் சொல்ல முடியும்? குழந்தை யாருடையது என்று அவர்களில் ஒருவர் கேட்டிருந்தாலும், நிச்சயம் சொல்லியிருப்பேன்.