நிஸ்ரினின் அறைக்குப் போட்ட ஜன்னல்

சார்ஜன் ஐயா, நீங்கள் வீடு கட்டுகிறீர்கள் என்று வெளியில் நிற்கிற பொலிஸ்காரர்கள் சொன்னார்கள். கேட்காத புத்தி சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், தெற்குப் பக்கத்து அறைகளுக்குச் சறுக்கு ஜன்னல் போட்டுவிடாதீர்கள். எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் அது பாதிதான் திறக்கும். கச்சான் காற்று வீசும் கரையில் இருந்துகொண்டு பாதிக் காற்றை ஏன் வெளியில் நிறுத்த வேண்டும்? வெளிப்பக்கம் திறக்கிற கதவு ஜன்னலே நல்லது. சமைக்கிற குசினிக்குக் கண்ணாடிப் பட்டை அடுக்கிய லூவர் போதும். கற்பிட்டியில் ஹோட்டல் நடத்துகிறவர்கள் நிலத்திலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி கேட்பார்கள், வெள்ளைக்காரன் படுத்தபடியே கடலைப் பார்க்க வேண்டுமாம். போட்டுக் கொடுத்திருக்கிறேன். உப்புக்காற்றில் ஒரு வருடத்தில் பூட்டெல்லாம் இறுகிப்போகும் என்றும் சொன்னேன், யார் கேட்டார்கள்.

படுக்கையறைக்கு மட்டும் ஒரு விஷயம் கட்டாயம். கள்ளனுக்குப் பயந்து எல்லா ஜன்னலுக்கும் கம்பி போட்டாலும், ஒரு ஜன்னலின் கம்பியாவது உள்ளிருந்து திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். நெருப்போ வெள்ளமோ வந்தால் ஆள் வெளியே வர ஒரு வழி வேண்டும். இருபத்தாறு வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன், இதைச் சொல்லாமல் ஒரு வீட்டுக்கும் ஜன்னல் போட்டதில்லை. முந்தல் ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், அலுமினியம் ஜௌபர் பாஸ் என்றால் தெரியும்.

என் மகள் நிஸ்ரினின் அறைக்கும் அப்படித்தான் போட்டிருந்தேன். பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அவளுக்கென்று அந்த வீட்டைக் கட்டும்போது அவளுக்குப் பத்து வயது. ஓடைப் பக்கத்து அறைதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். இரண்டு கதவு வைத்த அகலமான ஜன்னல் போட்டேன். அதன் கீழ்க்கட்டின்மேல் ஏறி உட்கார்ந்துதான் காலையில் பாண் சாப்பிடுவாள்.

அடுத்த வருடம் என் மனைவி ஸுல்பிகா வீட்டு வேலைக்குக் குவைத் போனாள். இரண்டு வருடத்தில் வருகிறேன் என்றுதான் போனாள். முதலில் வாரத்துக்கொரு தடவை பேசினாள், பிறகு பெருநாளைக்கு மட்டும், பிறகு அதுவும் இல்லை. நான் அவளைக் குறை சொல்ல வரவில்லை. பிள்ளைக்குத் தலை பின்னிவிடப் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான். முதலில் கோணல்மாணலாக வந்தது. பிறகு பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் யார் பின்னியது என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

போன வருடம் நிஸ்ரினுக்குக் கட்டாரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எனக்கும் சந்தோஷம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். உள்ளுக்குள் நான் செத்துப்போனேன், ஐயா. ஒருத்தியை அனுப்பிவிட்டுப் பதின்மூன்று வருடம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இன்னொருத்திக்காகவும் பார்த்திருக்க எனக்குத் தெம்பு இல்லை. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அழுதிருப்பாள், அழுதுவிட்டுப் போயிருப்பாள்.

பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்த ஜன்னலைக் கழற்றினேன். அறைக்கு ஏசி போடப் போகிறேன், குளிர் வெளியே போகாமல் திறக்காத கண்ணாடி போட வேண்டும் என்றேன். அளவெடுக்க நாடாவின் மறுமுனையைப் பிடித்ததும் அவள்தான்.

"நான் போற நேரத்தில ஏன் வாப்பா இந்த ரூமுக்கு ஏசி?"

"லீவில வந்தா படுக்கத்தானே."

"அப்ப நான் வாறவரைக்கும் நீங்க படுங்க. குளிரில நடுங்கினாத்தான் என்னைய நெனப்பீங்க" என்று சிரித்தாள்.

எட்டு மில்லிமீட்டர் கண்ணாடி, வெளியிலிருந்து உள்ளே தெரியாத பால் நிறம். உள்ளிருந்து திறக்கிற கம்பியின் பிணைச்சல் இரண்டையும் வெல்டிங் அடித்து இறுக்கினேன். ஏன் என்று கேட்டாள். வீட்டில் நான் தனியாகத்தானே இருக்கப் போகிறேன், கள்ளன் வருவான் என்றேன். ஏசி வாங்குகிற எண்ணம் எனக்கு இருக்கவே இல்லை.

பிளேன் சனிக்கிழமை. புதன்கிழமை பின்னேரம் அஸர் பாங்கு சொன்ன பிறகு அவள் தொழுதுகொண்டிருந்தபோது அறைக்கதவை வெளியில் பூட்டினேன். போனையும் பாஸ்போட்டையும் முன்பே எடுத்து வைத்திருந்தேன். உள்ளேயே குளியலறை இருந்தது, பிஸ்கட்டும் தண்ணீரும் வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டினாள்.

"வாப்பா, பகிடி விடாதீங்க. தொறங்க."

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிலத்தில் உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை பிளேன் போனதும் திறப்பதுதான் என் எண்ணம். இரண்டு நாள் கோபிப்பாள், மூன்றாம் நாள் சாப்பிடுவாள். அவள் எப்போதும் அப்படித்தான்.

வியாழக்கிழமை முழுக்க விடாமல் மழை. வெள்ளிக்கிழமை காலையில் மெஷின்களைத் தூக்கி மேலே வைக்க என் கடைக்குப் போனேன். ஓடை அப்போது கரைக்குள்தான் இருந்தது. திரும்பி வரும்போது என் வீட்டு வளவில் இடுப்பளவு தண்ணீர். கேற்றடியில் நின்று ஜன்னலைப் பார்த்தேன். தண்ணீர் ஜன்னலின் கீழ்க்கட்டுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. அறைக்குள் கட்டில் இருக்கிறது, ஏறி நிற்பாள். மழையும் கொஞ்சம் குறைந்திருந்தது. இதற்கு மேல் ஏறாது என்று கணக்குப் போட்டேன். அளவு விஷயத்தில் நான் பிழைவிட்டதில்லை.

அந்த நேரத்தில்தான் படகு வந்தது. சாள்ஸ் என்ற மீன்பிடிகாரர் ஓட்டினார், பள்ளிவாசல் மஸாஹிர் ஹாஜியார் முன்னால் இருந்தார்.

"பாஸ், உள்ளுக்கு ஆக்கள் இருக்காங்களா?" என்று சாள்ஸ் கேட்டார்.

நான் யோசித்தேன், ஐயா. யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். திறந்தால் படகில் ஏற்றுவார்கள். படகு வெள்ளத்துக்குத் திறந்த பாடசாலை முகாமுக்குப் போகும். அங்கிருந்து யாராவது ரோட்டுக்குக் கூட்டிப்போவார்கள். சனிக்கிழமைக்கு இன்னும் ஓர் இரவு இருந்தது, அவள் எப்படியும் கட்டுநாயக்கா ஏர்போட்டுக்குப் போய்விடுவாள். வாப்பா பூட்டிவைத்தார் என்று ஊருக்கும் தெரிந்துவிடும். பிறகு எதற்காக அவள் திரும்பி வரப் போகிறாள்?

"இல்ல, ஒருத்தரும் இல்ல" என்றேன்.

"புள்ள எங்க, ஜௌபர்?" என்றார் ஹாஜியார்.

"கொழும்புக்குப் போயிட்டா. நேத்தே அனுப்பிட்டன்."

"அல்ஹம்துலில்லாஹ். அது போதும். நீங்க ஏறுங்க."

ஏறாமல் நின்றால் சந்தேகப்படுவார்கள். ஏறினேன். ஒரு மணித்தியாலத்தில் தோணி ஒன்று பிடித்துத் தனியாக வருவோம் என்று நினைத்தேன். மேல் பக்கத்துக் குளங்கள் நிரம்பி வான் பாய்ந்த செய்தி முகாமுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அந்த ஓட்டத்தில் தோணி இறக்க ஒருத்தரும் சம்மதிக்கவில்லை, ஏன் போக வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை. பொழுது பட்டு மஃரிபு வருமுன்பே தண்ணீர் கூரையைத் தொட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வடிந்ததும் ஹாஜியாரின் ஆட்கள்தான் அறைக்கதவை உடைத்தார்கள். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

படகு வந்த நேரத்தில் அவள் உயிரோடு இருந்தாளா என்று கேட்டீர்கள். ஓம், இருந்தாள். கம்பிக்குள்ளால் கையை விட்டுக் கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தாள். மழையிலும் எஞ்சின் சத்தத்திலும் அவர்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. அவர்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக நான் கத்தித்தான் பதில் சொன்னேன், கொழும்புக்குப் போய்விட்டாள் என்று. சொல்லி முடித்ததும் தட்டுவது நின்றுவிட்டது. வாப்பாவின் சத்தம் கேட்டதும் பிள்ளைக்குப் பயம் தெளிந்துவிட்டது, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.