கண்ணத் தொறந்து தேடு

அந்தக் கல்ல இனிமே புரட்டாதீங்கம்மா. நாலு தடவ புரட்டிட்டீங்க, பாத்துக்கிட்டுதான் இருந்தேன். இப்படிக் காத்து மறைவா வந்து உக்காருங்க. நாயும் வரட்டும். கடிச்சா கடிக்கட்டும், இந்தக் கால்ல கடிக்க என்ன இருக்கு.

எவ்வளவு நேரமாத் தேடுறீங்க? ரெண்டு மணி நேரமாவா? அடப்பாவமே. போன்ல அம்புக்குறி இங்கதான் காட்டுது, இல்ல? காட்டும். எடம் சரிதான். ஆமா, நீங்க தேடுற பெட்டிய ஒளிச்சு வச்சு, நெட்டுல எடத்தப் போட்ட ரோலண்ட் நான்தான். முட்டி நல்லா இருந்த காலத்துல, இந்த மேட்டுக்காட்டுல மொத்தம் பதினாலு பெட்டி வச்சேன்.

டீ குடிங்க. பனி எறங்குறதுக்குள்ள உங்கள ரோட்டுல கொண்டுபோய் விட்டுர்றேன். நவம்பர்ல இந்த டார்ட்மூர நம்பக்கூடாது. நீட்டுன கை தெரியாமப் போயிரும்.

அந்தப் பூவா? என் பொண்டாட்டி பெரில் குடுத்து விட்டது. அவ தம்பி டென்சிலுக்கு. இங்கதான் செத்தான். நாளையோட ரெண்டு வருஷம்.

அவனும் உங்கள மாதிரி பெட்டிப் பைத்தியம்தான். நான் ஒளிச்சு வைப்பேன், அவன் போய் எடுத்து, உள்ள இருக்குற நோட்டுல பேர் எழுதி, இருந்த எடத்துலயே வச்சிட்டு, ஞாயித்துக்கிழம எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்து, அத்தான், இதெல்லாம் ஒளிச்சு வச்சதாக்கும்னு நக்கலடிப்பான். பதிமூணு பெட்டி எடுத்துட்டான். இது ஒண்ணுதான் அவனுக்குச் சிக்கல. ரெண்டு தடவ வந்து வெறுங்கையோட போனான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எல்லார் முன்னாடியும் சொல்லிக் காட்டுனேன். அவன் விடுவானா? அத்தான் முட்டி இருக்குற லட்சணத்துக்கு அடுத்த பெட்டி சோபாவுக்கு அடியிலதான்னான். எல்லாரும் சிரிச்சாங்க. பெரிலும் சிரிச்சா. அதுதான் சுருக்குன்னு இருந்துச்சு.

நம்ம ஆளுங்க வழக்கம் உங்களுக்கே தெரியும். கொஞ்ச நேரம் தேடுவோம், கெடைக்கலன்னா காணோம்னு நெட்டுல எழுதிப் போட்டுட்டுப் போயிருவோம். ஆனா வச்சவனே, போய்ப் பாத்தேன், பத்திரமா இருக்குன்னு எழுதிட்டா, அப்புறம் எடுக்காம எவன் எறங்குவான்? நீங்களும் அதப் படிச்சுட்டுதான ரெண்டு மணி நேரமாக் குனிஞ்சு கெடக்குறீங்க. அவனும் அதத்தான் படிச்சான்.

அன்னைக்கு ஒன்றரை மணிக்கு உச்சிப் பாறையில ஏறி நின்னு போன் பண்ணான். அங்க மட்டுந்தான் சிக்னல். அத்தான், கை வெறைச்சுப் போச்சு, சத்தியமாச் சொல்லுங்க, இருக்கா இல்லையான்னு கேட்டான். இருக்குடா, கண்ணத் தொறந்து தேடுன்னேன். சிரிச்சான். அப்ப எடுத்துட்டுதான் எறங்குவேன்னான்.

ரெண்டரைக்குப் பனி மூடிருச்சு. மீட்புக் குழு ஆளுங்க விடிய விடிய எறங்குற பாதையெல்லாம் தேடினாங்க. பனியில எவனாவது மேலயே நிப்பானான்னு அவங்க நெனப்பு. காலையில பாத்தா, நீங்க கல்லு புரட்டினீங்களே, அங்கதான் கெடந்தான். வழுக்கிக் கணுக்கால் ஒடிஞ்சிருந்துச்சு. கையுறையக் கழட்டி ஓரமா வச்சிருந்தான். இடுக்குக்குள்ள வெரல விட்டுத் தேட வசதியா.

பெரில் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறா. சாகறதுக்கு முன்னாடி எடுத்துட்டானா? எடுத்திருப்பான், பேரும் எழுதியிருப்பான், அப்புறம் இங்க மேயுற மட்டக்குதிரை ஏதாவது பெட்டியத் தட்டி விட்டிருக்கும்னு அவளே பதிலும் சொல்லிக்குவா. அந்த நோட்டுல அவன் கையெழுத்த ஒரு தடவ பாத்துட்டா போதுமாம். அதுக்குத்தான் சனிக்கிழமதோறும் என்னைத் தேடிட்டு வாங்கன்னு அனுப்புறா. நானும் வர்றேன்.

இருக்குன்னு எழுதுனத ஏன் இன்னும் அழிக்கலையா? அழிச்சா, ஏன் அழிச்சீங்கன்னு கேப்பாளேம்மா.

பெட்டிதான வேணும்? என்னோட அந்தப் பையை இப்படித் தள்ளுங்க. உங்க நாய் அப்பவே மோந்து கண்டுபிடிச்சிருச்சு. இந்தாங்க, மூடி கொஞ்சம் இறுக்கம். அந்த வருஷம், உள்ள தண்ணி போய் நோட்டு நனைஞ்சிருக்குன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. காய வைக்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். திரும்பக் கொண்டுவந்து வைக்க முட்டி விடல. அதச் சொன்னா மறுபடியும் சோபாப் பேச்சு வரும். அதான் இருக்குன்னு எழுதிட்டேன். போன்ல கேட்டப்பவும், இன்னும் பத்து நிமிஷத்துல டென்சில் அலுத்துப் போய் எறங்கிருவான்னு நெனச்சேன். அவன் போன் பண்ணப்ப இது அடுப்படி மேசையில, என் டீ கப்புக்குப் பக்கத்துல இருந்துச்சு.

பேனா உள்ளயே இருக்கு, பேர் எழுதுங்க. கடைசிப் பேருக்குக் கீழ டென்சிலுக்குன்னு ஒரு வரி காலியா விட்டிருக்கேன் பாருங்க. அவன் கையெழுத்து எனக்கு அத்துப்படி, ஆனா அவன் பேர எழுதக் கை வரமாட்டேங்குது. அத விட்டுட்டு அடுத்த வரியில எழுதுங்கம்மா.