எட்டுக்கு ஆறு

டீ நன்றாக இருக்கிறது, மேடம். போலீஸ் ஸ்டேஷன் டீ கழுநீர் மாதிரி இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அப்படியெல்லாம் இல்லை. அந்த ரெக்கார்டரை ஓடவிடுங்கள். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை, வரிசையாகச் சொல்கிறேன். மேசை அளவில் இருந்துதான் தொடங்க வேண்டும். வேறு எங்கிருந்து தொடங்கினாலும் நான் ஏதோ அவசரக்காரன் மாதிரித் தெரிவேன்.

விரலளவு ஈயச் சிப்பாய்களுக்கு வண்ணம் அடித்து, மேசையில் அணிவகுத்து நிறுத்தி, பகடை உருட்டிப் பழைய போர்களை மறுபடி நடத்துகிறவர்கள் நாங்கள். நாட்டிங்ஹாம் பக்கம் தெருவுக்கு ஒருவராவது இருப்போம். வீட்டில் போட்டுக்கொள்ள எவ்வளவு பெரிய மேசை வேண்டும் என்று எங்களில் யாரைக் கேட்டாலும் ஆறடிக்கு நாலடி போதும் என்பார்கள். போதும் என்பது வேறு, சரி என்பது வேறு. நாற்பது வருஷம் கவுன்சில் அலுவலகத்தில் வரைபடம் போட்டவன் நான். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

எங்கள் ஆட்டம் புதன்கிழமைகளில். எதிராளி நெவில், என் மனைவி ரோஸ்மேரியின் அண்ணன். அவன் மன்னர் படை, நான் பாராளுமன்றப் படை. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் முடிந்து முந்நூற்றெழுபது வருஷம் ஆகியும் அவனுக்கு மனசு ஆறவில்லை. முப்பத்தோரு வருஷம் அந்தப் போரை எங்கள் சமையலறை மேசையில்தான் நடத்தினோம். நாலுக்கு மூன்று. அதில் இரண்டு படையையும் நிறுத்தினால் நடுவில் ஒரு சாண் இடம் மிஞ்சும். குதிரைப்படை சுற்றிப்போய்ப் பக்கவாட்டில் அடிக்கலாம் என்று பார்த்தால் மேசை தீர்ந்துவிடும்.

"மச்சான், என் குதிரைங்கல்லாம் ஓரத்துல நின்னு கீழ எட்டிப் பாக்குதுங்க. குதிக்கச் சொல்லவா?" என்பான் நெவில்.

சரியாக ஆறு மணிக்கு ரோஸ்மேரி தட்டுகளோடு வந்து நிற்பாள். "ரெண்டு பேரும் சமாதானம் பேசி முடிங்க. சாப்ஸ் ஆறிப்போவுது." முப்பத்தோரு வருஷத்தில் ஒரு போர்கூட அதன் முடிவு வரைக்கும் போனதில்லை. நினைத்துப் பாருங்கள்.

ஓய்வு பெற்ற மறுநாளே டேப்பும் பென்சிலுமாக வீடு முழுக்க அளந்தேன். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மேசையை மட்டும் அளந்தால் போதாது, அதைச் சுற்றி மனிதன் நடக்க வேண்டும், குனிய வேண்டும், வாசலில் இருந்து டீத்தட்டு வர வேண்டும். பக்கத்துக்கு இரண்டரை அடி விட்டே ஆக வேண்டும். மாடியில் இருந்த சின்ன அறையில் ஆறுக்கு நாலு போட்டுப் பார்த்தோம். அப்போது நெவில் அவன் வீட்டில்தான் இருந்தான், மாடியும் ஏறுவான். மேசைக்கும் சுவருக்கும் நடுவே போனவன் சிக்கிக்கொண்டான். மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய் நான்தான் இழுத்தேன்.

"முற்றுகை, மச்சான். நான் சரணடைய மாட்டேன். ரோஸிகிட்ட சொல்லி ரெண்டு சாண்ட்விச் மட்டும் உள்ள அனுப்பு" என்றான்.

கார் ஷெட் ஈரம். ப்ளைவுட் ஒரு குளிர்காலத்தில் ஊதிவிடும். கூரையடி அறைக்கு ஏணி. முன்னறை ரோஸ்மேரியுடையது. "அளவெடுக்கிற சாக்குல இந்தப் பக்கம் வந்தே, அந்த டேப்பை முழுங்க வச்சிருவேன்" என்று சொல்லிவிட்டாள். ஆக மிச்சம் இருந்தது கீழே பின்னறை.

பின்னறை பதின்மூன்றடிக்குப் பதினோரடி. பதின்மூன்றில் இருபுறமும் இரண்டரை கழித்தால் எட்டு. பதினொன்றில் இருபுறமும் இரண்டரை கழித்தால் ஆறு. எட்டுக்கு ஆறு, மேடம். ஓர் அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எட்டுக்கு ஆறில் குதிரைப்படைக்கு ஓட இடம் உண்டு, நடுவில் ஒரு கிராமம் வைக்கலாம், ஆறு ஓடவிடலாம். அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு ரொம்ப நாளாக வந்ததில்லை.

ஆனால் வேலையைத் தொடங்குவதற்குள் அந்த அறைக்கு நெவில் குடிவந்துவிட்டான். அவனுக்குக் கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. நேரே பார்த்தால் ஒரு சாம்பல் திட்டு, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரியும். இடுப்பும் மடங்காது, இனிமேல் படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனியாக விட மனசில்லாமல் ரோஸ்மேரி அழைத்து வந்தாள். ஒரு கட்டில், ஒரு ரேடியோ, ஒரு நாற்காலி. நாலு வருஷம். அவனால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவனை எனக்குப் பிடிக்கும். என் சிரிப்பில் பாதி அவனால் வந்தது.

ஒருநாள் அவனிடமே காகிதத்தைப் படித்துக் காட்டினேன். அவன் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"இதுக்கா இத்தனை நாளா மென்னு முழுங்கினே? கட்டிலைச் சுவத்தோட தள்ளு. ஆறுக்கு நாலு தாராளமாப் போடலாம். காலைல எந்திரிச்சதும் படுக்கையில இருந்தபடியே உன்னைத் தோக்கடிப்பேன்."

"எட்டுக்கு ஆறு வராது, நெவில்."

"எட்டுக்கு ஆறு எதுக்குடா? ரெண்டு கிழவனுங்க, ஒரு பெட்டி ஈயம். ஆறுக்கு நாலு ஜாஸ்தி."

கட்டிலைத் தள்ளி அளந்தும் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான், ஆறுக்கு நாலு வந்தது. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் வீட்டில், என் அறையில், எனக்கே பிச்சை போடுகிற மாதிரி ஓர் அளவைச் சொல்லிவிட்டு ரேடியோவைத் திருகிக்கொண்டான்.

நேற்று நீங்கள் கேட்டீர்கள், வெறும் இரண்டடிக்காகவா என்று. அதுதான் எனக்கு நேற்று முழுவதும் உறுத்திக்கொண்டிருந்தது. நீளத்தில் இரண்டடி, அகலத்தில் இரண்டடி. பரப்பாகக் கணக்கிட்டால் இருபத்து நாலு சதுர அடி நாற்பத்தெட்டாகிறது. இரட்டிப்பு, மேடம். கோர்ட்டில் இதைச் சரியாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பலகைக்கு ஆர்டர் கொடுத்தேன். நல்ல பிர்ச் மர ப்ளைவுட், ஆறு வாரம் ஆகும் என்றார்கள். சொன்ன நாளில் கொண்டுவந்து இறக்கினார்கள். நெவிலை அடக்கம் செய்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை. ரோஸ்மேரி கறுப்புக் கோட்டோடு வாசலில் நின்றாள்.

"என்ன லென் இது?"

"மேசை."

"எங்க போடப் போற?"

"பின்னறையில. இப்பக் காலியாத்தானே இருக்கு."

கோட்டைக் கழற்றாமலேயே மாடிக்குப் போனாள். இப்போது டெர்பியில் அவள் சித்தி மகள் வீட்டில் இருக்கிறாள். போன் செய்தால் எடுப்பதில்லை. துக்கத்தில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நானும் விட்டுவிட்டேன்.

உங்களிடம் வந்தது காட்ஃப்ரி என்று தெரியும், மறைக்க வேண்டாம். எங்கள் போர் ஆட்டக் கிளப்பின் செயலாளர், நல்ல மனுஷன். துக்கம் விசாரிக்க ஒரு பன்றிக்கறிப் பேஸ்ட்ரியோடு வந்தார். மேசை அப்போதுதான் முடிந்திருந்தது. பச்சைத் துணி விரித்து, வேலி வைத்து, ஒரு மாதா கோயில்கூட வைத்திருந்தேன். யாருக்காவது காட்டாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். அழைத்துப்போய்க் காட்டினேன். அவர் ஒரு சுற்று நடந்தார். ஓரத்தில் நின்று கையை நீட்டிப் பார்த்தார்.

ஒன்று விளக்க வேண்டும். மேசையின் அகலத்தை முடிவு செய்வது குட்டைக் கை. இருவர் எதிரெதிரே நின்று ஆடினால், யாருக்கு எட்டுவது குறைவோ அந்தத் தூரத்தைப்போல் இரண்டு மடங்குதான் அகலம். எனக்குச் சாய்ந்தால் மூன்றடி எட்டும். நெவிலுக்கு இடுப்பும் தொப்பையுமாக இரண்டடிக்கு மேல் போகாது. அவன் கிளப்புக்கு வரும் நாளில் அகல மேசைகளை மடித்துவிட்டு நாலடி மேசையைத்தான் விரிப்பார்கள். விரிக்கச் சொல்வதே காட்ஃப்ரிதான்.

"ஆறடி அகலமா, லென்?"

"சரியா ஆறு."

"நெவிலுக்கு நடு எட்டாதே."

"எட்டாது" என்றேன்.

"எப்போ ஆர்டர் குடுத்தே?"

"ஏழு வாரம் முன்னாடி. நல்ல பலகைன்னா காத்திருக்கணும், இல்லையா?"

அவர் விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்தேன். நெவில் விழுந்து அப்போது மூன்று வாரம்தான். டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார். வாழ்நாள் முழுக்க அளவோடு இருந்தவன் நான், தப்பு செய்ததும் அளவில்தான். பலகையை நாலடி அகலத்தில் சொல்லியிருந்தால் நீங்கள் இன்றைக்கு வேறு யாருக்காவது டீ கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் நாலடி எனக்குப் போதாது.

சரி, அந்தப் புதன்கிழமை.

பின்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு குறுகிய நடை. சமையலறைப் பக்கமிருந்து போனால் அதில் அடுத்தடுத்து இரண்டு கதவு. முதலாவது நிலவறை. திறந்த உடனே செங்குத்தாகக் கல்படி, கீழே கல்தரை. இரண்டாவது கழிப்பறை. நிலவறைக் கதவில் மேலே ஒரு தாழ்ப்பாள், எப்போதும் போட்டிருக்கும். நெவில் கையால்தான் வழி தெரிந்து வைத்திருந்தான். முதல் கைப்பிடியைத் திருகித் தள்ளுவான். அசையாவிட்டால் அது நிலவறை, அடுத்ததற்குப் போவான். நாலு வருஷம் இப்படித்தான் போனான்.

நான் செய்தது தாழ்ப்பாளைத் திறந்துவைத்தது மட்டும். அவனைத் தொடவில்லை, தள்ளவில்லை, கூப்பிடவும் இல்லை. அதையும் கண்மூடித்தனமாகச் செய்யவில்லை. ஒருவனுக்கு வாய்ப்பே கொடுக்காமல் முடிப்பது எங்கள் பழக்கமில்லை. பகடைக்கு விட்டேன். ஆறு விழுந்தால் திறப்பது. வேறு எது விழுந்தாலும் தாழ்ப்பாள் அப்படியே இருக்கும், எட்டுக்கு ஆறை அன்றோடு மறந்துவிட வேண்டும். ஆறில் ஐந்து பங்கு அவன் பக்கம். இதைவிட நியாயமாக யாரால் நடந்துகொள்ள முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ரோஸ்மேரி பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். மதியம் மூன்றரை இருக்கும், நல்ல வெயில். நெவில் சமையலறை மேசையில் டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்தான். நான் எதிரே.

"ஆட்டமே ஆரம்பிக்கல, என்னத்தைப் போட்டு உருட்டிட்டே இருக்கே?"

"சும்மா. ஒண்ணு பாக்கணும்."

"எனக்கா, உனக்கா?"

"எனக்குத்தான்."

"எவ்வளவு விழுந்துச்சு?" கண் போனதில் இருந்து பகடையை நான்தான் படித்துச் சொல்வேன்.

"ஆறு."

"கொடுத்து வச்சவன்டா நீ. எனக்கு உருட்டினா ஒண்ணுக்கு மேல எந்திரிக்காது."

சிப்பாய்ப் பெட்டியை எடுத்துவருகிறேன் என்று எழுந்துபோனேன். வரும்போது நெவில் டீயைக் குடித்து முடித்திருந்தான். மேசையை ஊன்றிக்கொண்டு எழுந்தான்.

"உன் குதிரைங்க காத்துட்டிருக்கு. சீக்கிரம் வா" என்றேன்.

"காத்திருக்கட்டும். ராஜா வீட்டுக் குதிரைங்க, அதுக்கெல்லாம் பொறுமை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுச் சுவரைத் தடவியபடி போனான். அவன் குதிரைப்படையை வலது ஓரத்தில், அவனுக்குப் பிடித்த மாதிரி, கொடி முன்னால் இருக்க நிறுத்தினேன். ஏழு குதிரை வைத்திருந்தேன், சத்தம் கேட்டது. ஒரே சத்தம்தான். மிச்சம் ஐந்தையும் நிறுத்திவிட்டுத்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு குதிரை கீழே விழுந்து கால் உடைந்தது. அதை இன்னும் ஒட்டவில்லை.

உருட்டியதுமே ஆறு விழுந்ததா என்கிறீர்களா? நல்ல கேள்வி. இல்லை. முதலில் இரண்டு விழுந்தது. ஆனால் பகடை செய்தித்தாள் ஓரத்தில் பட்டுச் சாய்ந்து நின்றது. சாய்ந்து நிற்கிற பகடை செல்லாது, மறுபடி உருட்ட வேண்டும். இது நான் வைத்த சட்டமில்லை, எந்த மேசையிலும் அப்படித்தான். அடுத்தது நாலு, அதுவும் லேசாகச் சாய்வு. பிறகு ஒன்று. பிறகு ஐந்து, மூன்று, மறுபடி மூன்று. எங்கள் சமையலறை மேசை பழசு, சமமாக நிற்காது. பத்தாவதோ பதினொன்றாவதோ உருட்டியபோதுதான் ஒன்று சாயாமல் தட்டையாகப் படுத்தது. அது ஆறு. நெவில் கேட்டான், உள்ளதை உள்ளபடி சொன்னேன். முப்பத்தோரு வருஷத்தில் பகடை விஷயத்தில் ஒரு தடவைகூட நான் அவனை ஏமாற்றியதில்லை, மேடம்.