சுவரோரப் பாத்தி

கோயமுத்தூரைச் சுற்றிப் புதிதாக லேஅவுட் போட்ட இடத்தில் வீடு வாங்குகிறவர்கள் பின்பக்கத்து மண்ணை மட்டும் நம்பக் கூடாது சார். மேலே பார்த்தால் நல்ல செம்மண்ணாகத்தான் தெரியும். ஒரு முழம் தோண்டினால் உடைந்த செங்கல்லும் டைல்ஸ் துண்டும் சிமென்ட் கட்டியும் வரும். கட்டிட வேலை மிச்சத்தையெல்லாம் பின்னால் தள்ளி, அதன்மேல் ஒரு லோடு மண்ணைக் கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள். கடப்பாரையே இறங்காத இடத்தில் வேர் எப்படி இறங்கும்? அதனால்தான் மேட்டுப்பாத்தி போட்டேன்.

ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஹாலோ பிளாக் கல்லை முழங்கால் உயரத்துக்கு அடுக்கி, அடியில் காய்ந்த தென்னை மட்டையைப் பரப்பி, செம்மண்ணும் தொழுவுரமும் நார்க்கழிவும் கலந்து நிரப்பினால் போதும். தண்ணீர் தேங்காது, குனியவும் வேண்டாம். சமையலறைப் படியோரம் ஒன்று, காம்பவுண்டு சுவரோரம் ஒன்று என்று இரண்டு பாத்தி போட்டேன். உங்கள் ஆட்கள் சோதனைக்கு மண் எடுத்தபோது சுவரோரப் பாத்தியைக் கலைத்துவிட்டார்கள். அது பரவாயில்லை.

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் தோட்டம் வைத்திருந்தவன் நான். வெண்டை, கத்தரி, கீரை எல்லாம் போட்டுச் சந்தைக்கு அனுப்புவோம். சந்தைக்குப் போகிற வரிசைக்கு மருந்தடிப்போம். வீட்டுக்கென்று ஓரத்தில் ஒரு வரிசை தனியாக இருக்கும், அதற்கு அடிக்க மாட்டோம். எங்கள் ஊரில் இதை யாரும் ஒளித்துச் செய்வதில்லை. மருந்தடித்த வரிசையில் எங்கள் வீட்டுப் பெண்கள் கை வைக்க மாட்டார்கள். நீங்கள் டவுனிலேயே வளர்ந்தவர் என்றால், சின்ன வயசிலிருந்து எங்கள் சந்தை வரிசையைத்தான் சாப்பிட்டிருப்பீர்கள். நன்றாகத்தானே இருக்கிறீர்கள்?

என் மனைவி இறந்த பிறகு, மிதுன் இங்கே வேலையில் இருக்கிறான் என்று தோட்டத்தை விலைக்குக் கொடுத்துவிட்டு வந்து கணபதி ஏரியாவுக்கு அந்தப்பக்கம் வீடு வாங்கினேன். எனக்கு அவன் ஒரே பையன். கிரகப்பிரவேசத்து வாழைமரம் காய்வதற்குள், கனடாவில் வேலை கிடைத்திருக்கிறது என்று வந்து நின்றான். "ரெண்டு வருஷத்துல உங்களையும் கூட்டிக்கறனுங்கப்பா"னு சொன்னான். நல்ல பையன், மனதறிந்து பொய் சொல்ல மாட்டான். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டுப் போன பையன்களின் அப்பாக்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். சாயங்காலம் போனைக் கண்ணாடி மாதிரி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். எனக்குப் பயமாக இருந்தது சார். அதைச் சொல்ல வெட்கப்படவில்லை.

சரி, போகிறவரைக்கும் பையனுக்கு நல்ல கீரை போடலாம் என்றுதான் பாத்தி போட்டேன். அவனுக்கு அரைக்கீரைக் கடைசல் என்றால் உயிர். எனக்கும் கீரை பிடிக்கும், அதனால் இரண்டு பாத்தியிலும் அரைக்கீரையே விதைத்தேன். படியோரம் இருந்தது எனக்கு. சுவரோரம் இருந்தது அவனுக்கு.

கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். நான் கேடு நினைக்கவில்லை. பயணத்தன்று கொஞ்சம் உடம்பு முடியாமல் போனால் டிக்கெட்டைத் தள்ளிப்போடுவான், அவ்வளவுதான் என் கணக்கு. மருந்தை எந்த அளவில் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், வாழ்நாளெல்லாம் அதைக் கையாண்டவன். அவனுக்கு வாந்தியும் வயிற்றுவலியும் வந்தது. டிக்கெட் தள்ளிப்போனது. நான் கஞ்சி காய்ச்சி ஊட்டினேன், துணி மாற்றிவிட்டேன், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் அம்மா போன பிறகு நாங்கள் மனம்விட்டுப் பேசியது அந்த நாட்களில்தான். "நீங்க இல்லீனா என்னங்கப்பா பண்ணியிருப்பேன்"னு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்த மாதிரி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும்?

தேறியதும் மறுபடி டிக்கெட் போட்டான். நானும் மறுபடி பூவாளியை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனேன். அப்புறம் அவனுக்குக் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. செருப்பு கழன்றால்கூடத் தெரியவில்லை. டாக்டர்கள் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு வைட்டமின் எழுதிக் கொடுத்தார்கள், கீரை நிறையச் சாப்பிடச் சொன்னார்கள். நான் சிரிக்கவில்லை. அவன் அந்தக் காலோடும் பெட்டி கட்டினான். அதில் எனக்கு வருத்தம்தான். இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாகவே கலந்து ஊற்றிவிட்டு, மறுநாள் ஒரு கல்யாணத்துக்குக் கோபி போனேன்.

இப்போது நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

சாயங்காலம் வெயில் இறங்குகிற நேரம் வீடு திரும்பினேன். மிதுன் ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான், முகத்தில் நல்ல தெளிச்சி. பக்கத்து வீட்டுப் பாத்திமுத்து அம்மா மத்தியானம் பிரியாணி கொடுத்தனுப்பியதாகச் சொன்னான். அந்த அம்மாவை நீங்கள் உயிரோடு பார்த்ததில்லை. ரவிக்கை தைப்பார், ஒரே மகள் ஹுமேராவோடு இருந்தார், எதற்கும் சத்தமாகச் சிரிப்பார். என் பாத்தியைச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஏனுங்கண்ணா, கீரைக்குக் கட்டில் மெத்தையெல்லாம் போட்டு வளர்த்துறீங்களே"ன்னு கேலி பண்ணுவார்.

"பாத்திரத்தை வெறுசாக் குடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லுமில்லீங்கப்பா" என்றான் மிதுன். "அதனால கீரை பறிச்சு வெச்சுக் குடுத்துட்டேனுங்க."

"எந்தப் பாத்தியில கண்ணு?"

"செவுத்தோரத்துதானுங்க. அதுதான் தளதளன்னு இருந்துச்சு."

எங்கள் பக்கம் யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்புவதில்லை. என் மனைவி அவனைச் சரியாகத்தான் வளர்த்திருந்தாள். நான் சட்டையைக்கூட மாற்றாமல் பின்பக்கம் போனேன். சுவருக்கு அந்தப்பக்கம் அவர்கள் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. பாத்திமுத்து அம்மா முறத்தில் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கிற தூரம். அவரே என்னைப் பார்த்துவிட்டார்.

"வந்துட்டீங்களாண்ணா? கல்யாணமெல்லாம் நல்லபடியா ஆச்சுங்களா? தம்பி கீரை குடுத்துது. இப்படிக் கீரையப் பார்த்து எத்தனை நாளாச்சு!"

பூச்சி விழுந்த கீரை என்று சொல்லியிருக்கலாம். தவறிப் பறித்துவிட்டான், நான் வேறு தருகிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் மிதுன் எனக்குப் பின்னால் படியில் வந்து நின்றிருந்தான், சுவரைப் பிடித்துக்கொண்டு. அவங்களுக்கு ஆகாத கீரை எனக்கு மட்டும் எப்படிங்கப்பா ஆகும் என்று அவன் கேட்டால் நான் என்ன சொல்வேன்? தவிர, கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அதைவிடக் கேவலம் வேறில்லை.

"நல்லாக் கழுவிக்குங்க அம்மணி" என்றேன்.

"கழுவாமயா சமைப்பாங்க?" என்று சிரித்தார்.

இதை எழுதிக்கொள்ளுங்கள். கழுவச் சொன்னேன். அப்புறம் நான் உள்ளே போகவில்லை. பூவாளியைக் கழுவுகிற மாதிரி அங்கேயே நின்றேன். குக்கர் விசில் வந்தது. மத்தால் கடைகிற சத்தம் கேட்டது. கடைந்து முடித்துத் தாளிக்கிற வரைக்கும் நேரம் இருந்தது சார், அதை நான் மறுக்கவில்லை. பூண்டு வாசனை வந்த பிறகுதான் உள்ளே போனேன்.

ஹுமேராவுக்கு அன்று டியூஷன் வகுப்பு இருந்தது, சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள். அதில் எனக்கு நிம்மதி. அவள் திரும்பி வந்து போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. மிதுன் தன் காலைப் பற்றி நினைக்காமல் ஓடி, இரண்டு தடவை விழுந்து எழுந்து, பாத்திமுத்து அம்மாவைத் தூக்கிக் காரில் ஏற்றினான். நான் கதவைத் திறந்துவிட்டேன். விடிவதற்குள் போய்விட்டார்.

கீரை கொடுத்தது மிதுன் என்பதால் நீங்கள் அவனைக் கூப்பிட்டு விசாரித்தீர்கள். அவனும் அழுதுகொண்டே, தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டதாகவே சொன்னான். கடையில் வாங்கிய உரத்தைத் தெரியாமல் போட்டுவிட்டேனோ என்று போடாத உரத்தையெல்லாம் நினைத்துப் பார்த்தான். நான் குறுக்கே பேசவில்லை. கேஸ் நடக்கிறவரைக்கும் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று நீங்கள் சொன்னதாக வந்து சொன்னான். அன்றைக்கு இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். ரசம் வைத்திருந்தேன். ஒரு வாய் கூட உள்ளே இறங்கவில்லை அவனுக்கு. நான் சாப்பிட்டேன்.

நேற்று நீங்கள் அவனைக் கைது செய்து கொண்டுவந்துவிட்டீர்கள். வீடு வெறிச்சென்றாகிவிட்டது. கனடாவுக்குப் போனால் என்ன, சிறைக்குப் போனால் என்ன, என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் நானாக வந்தேன். மருந்து ஊற்றியது நான். அவனுக்காக ஊற்றினேன், மூன்று தடவை. அந்தக் கீரை போன இடமும் தெரியும், என்ன செய்யும் என்பதும் தெரியும், பேசாமல் நின்றதும் நான்தான். பாத்திமுத்து அம்மாவைக் கொன்றது நான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள்.

மிதுனை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவன் ஒரு பாவமும் அறியாதவன். ஆனால் அவனுடைய பாஸ்போர்ட்டை நீங்கள் வாங்கி வைத்திருக்கிறீர்களே, அதை மட்டும் இப்போதைக்கு அவன் கையில் கொடுத்துவிடாதீர்கள்.